உடல் அசையட்டும், உள்ளம் நிற்கட்டும்
புனே நகரம் உலகுக்குத் தந்த யோகப் பாடம்

புனேயில் வாழும் தமிழர்களின் காலைப் பொழுது எப்படி விடிகிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் தொழிற்சாலைக்குப் புறப்படுபவர்கள் ஒரு பக்கம். பிம்ப்ரி, சிஞ்ச்வட் கம்பெனிகளில் முதல் ஷிப்டுக்கு ஓடுபவர்கள் ஒரு பக்கம். லோனாவளா லோக்கலைப் பிடிக்க மூச்சு வாங்க ஓடி வருபவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் அத்தனை பேருக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன காப்பியை நின்றபடியே குடிக்கும் இல்லத்தரசிகள் வீட்டுக்குள்ளே.

இவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு நாள் யோகாசனம் செய்யத் தொடங்கியவர்கள்தாம். ஜனவரி முதல் தேதியில் தொடங்கியவர் உண்டு. ஜூன் 21-ம் தேதி, சர்வதேச யோகா தினத்தன்று, பூங்காவில் கூட்டத்தோடு கூட்டமாகச் செய்துவிட்டு, மறுநாளும் செய்வோம் என்று உறுதி பூண்டவர் உண்டு. நான்காம் நாள் பாய் சுருட்டி மூலையில் வைக்கப்படுகிறது. பிறகு அதன்மேல் துணிமூட்டை ஏறுகிறது.

தொடங்குவது எளிதாக இருக்கிறது, தொடர்வதுதான் கடினமாக இருக்கிறது. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடி இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. சிவாஜி நகர் ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரத்திலுள்ள மாடல் காலனியில், ஹரே கிருஷ்ண மந்திர் சாலையில் ஒரு கட்டிடம் இருக்கிறது. ரமாமணி ஐயங்கார் நினைவு யோக நிலையம் என்பது அதன் பெயர். உலகின் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் தேடி வரும் இந்த இடத்தை, இதே நகரில் பல்லாண்டுகளாக வாழும் நம்மவர்களில் பலர் எட்டிப் பார்த்ததில்லை. அதை உருவாக்கியவரின் வாழ்க்கையே நமது கேள்விக்கு ஒரு விடையாகும்.

நோயாளிச் சிறுவன்

யோகாச்சாரியார் பி.கே.எஸ். ஐயங்கார் பிறந்தது 1918-ம் ஆண்டு டிசம்பர் 14-ம் தேதி. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் உள்ள பெள்ளூர் என்னும் சிற்றூரில். ஸ்ரீவைஷ்ணவ ஐயங்கார் குடும்பம். கர்நாடகத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஐயங்கார்கள் வீட்டுக்குள் கன்னடம் கலந்த ஒருவகைத் தமிழ் பேசுவது வழக்கம். அந்த வகையில் இவர் நமக்கு அந்நியர் அல்லர்.

அவர் பிறந்த சமயம் உலகமெங்கும் இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்துக் கொண்டிருந்தது. அவருடைய தாயாரும் அந்தக் காய்ச்சலில் விழுந்திருந்தார். பிள்ளை நோஞ்சானாகப் பிறந்தது. மலேரியா, டைபாய்டு, காசம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள் வந்தன. பள்ளி ஆசிரியரான தந்தை, பிள்ளைக்கு ஒன்பது வயது நடக்கும்போதே காலமானார். வறுமை வேறு. பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் அவர் தேறவில்லை. பிற்காலத்தில் அதே ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது என்பது தனிக் கதை.

அவருடைய அக்காள் நாமகிரியம்மாளை மணந்தவர்தான் புகழ் பெற்ற யோக குரு டி. கிருஷ்ணமாச்சாரியார். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தி வந்தவர். 1934-ல் மைத்துனனை மைசூருக்கு அழைத்துக் கொண்டார். குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாத நிலையில் இருந்த சிறுவன், அங்கேதான் ஆசனங்களைக் கற்றான்.

1937-ம் ஆண்டு புனேயில் உள்ள டெக்கன் ஜிம்கானா சங்கத்துக்கு ஒரு யோகாசன ஆசிரியர் தேவைப்பட்டார். கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்களில் ஓரளவு ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் இவர் என்பதால், பதினெட்டு வயது வாலிபனை அனுப்பி வைத்தார்கள். மராத்தி தெரியாது. ஊரில் உற்றார் உறவினர் யாரும் கிடையாது. வகுப்பில் இருந்தவர்கள் பலரும் அவரைவிட வயதிலும் வலுவிலும் படிப்பிலும் மூத்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தபின் மாணவர்கள் குறைந்தார்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். அரைவயிறும் கால்வயிறுமாகக் கழித்த நாட்கள் உண்டு. பிழைப்பைத் தேடி இந்த ஊருக்கு வந்து, பாஷை தெரியாமல் தடுமாறி, பிறகு இதையே சொந்த ஊராக்கிக் கொண்ட எத்தனையோ பேரின் கதைதான் அவருடைய கதையும்.

1943-ல் ரமாமணி அம்மையாரை மணந்தார். மனைவிக்கும் யோகம் கற்றுக் கொடுத்தார். கணவரின் பயிற்சியில் உள்ள தவறுகளைப் பார்த்துச் சொல்லும் அளவுக்கு அந்த அம்மையார் தேர்ந்தார். 1973 ஜனவரியில் யோக நிலையத்துக்கு அடிக்கல் நாட்டிய சில நாட்களிலேயே அவர் காலமாகிவிட்டார். 1975 ஜனவரி 19-ல் திறக்கப்பட்ட நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஐந்து நிமிடப் பேட்டி

1952-ல் பிரபல வயலின் மேதை யெஹூதி மெனுஹின் இந்தியா வந்திருந்தார். வருஷக் கணக்காகத் தோளில் வயலினைத் தாங்கிய உடம்பு வலியெடுத்திருந்தது. இரவில் தூக்கம் இல்லை. பம்பாயில் அவரைக் காண ஐயங்கார் போனபோது, ஐந்து நிமிடம்தான் நேரம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் தலைகீழாக நின்று வித்தை காட்டியிருக்கலாம். ஐயங்கார் அப்படிச் செய்யவில்லை. மெனுஹினைத் தரையில் படுக்க வைத்து, ஐம்புலன்களையும் உள்ளே திருப்பும் சவாசன முறையைச் சொல்லிக் கொடுத்தார். மெனுஹின் அப்படியே தூங்கிப் போனார். விழித்தபோது ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடந்திருந்தது. 1954-ல் அவரே ஐயங்காரை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். ஐரோப்பாவுக்கு யோகம் போன வழிகளில் அது முக்கியமான ஒன்றாயிற்று. 1966-ல் லண்டனில் வெளியான ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’ என்ற நூலுக்கு முன்னுரை எழுதியவரும் மெனுஹின்தான்.

200 ஆசனங்களையும் 592 புகைப்படங்களையும் கொண்ட அந்தப் பெரிய நூலைப் புரட்டுபவர்கள், உடம்பை வில்லாக வளைத்திருக்கும் படங்களைப் பார்த்து மலைத்துப் போகிறார்கள். “இது நமக்கு ஆகாது” என்று மூடி வைத்து விடுகிறார்கள். ஆனால் உலகப் புகழுக்கு வாசல் திறந்தது, சும்மா படுத்திருக்கும் ஆசனம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அறுபதில் மீண்டும் அரிச்சுவடி

ஐயங்காரின் வாழ்க்கையில் நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பயன்படக் கூடிய ஆண்டு 1979. அப்போது அவருக்கு அறுபது வயது நிறைந்திருந்தது. அந்த ஆண்டு புனேயில் ஸ்கூட்டர் விபத்தில் சிக்கி, முதுகுத் தண்டு, தோள், முழங்கால் எல்லாம் அடிபட்டன. நாற்பது ஆண்டுப் பயிற்சியில் வசப்பட்டிருந்த உடம்பு திடீரென்று சொன்னபடி கேட்க மறுத்தது. உலகத்துக்கே ஆசிரியராக இருந்தவர், எளிய ஆசனத்தைக்கூடச் செய்ய முடியாத புதிய மாணவரானார்.

அவர் பாயைச் சுருட்டி வைக்கவில்லை. முன்பு மாணவர்களுக்காக அமைத்திருந்த சாதனங்களைத் தமக்கே பயன்படுத்திக் கொண்டார். மரக்கட்டை, பெல்ட், மடித்த கம்பளி, சுவரில் கட்டிய கயிறு, சாதாரண மடக்கு நாற்காலி இவைதாம் அந்தச் சாதனங்கள். கை தரையை எட்டவில்லையா? கைக்குக் கீழே ஒரு கட்டையை வை. உட்கார்ந்தால் முதுகு கூனுகிறதா? கீழே ஒரு கம்பளியை மடித்துப் போடு. நிற்க முடியவில்லையா? சுவரில் சாய்ந்து நில். ஆண்டுக் கணக்கில் பொறுமையாக இப்படிச் செய்தே பழைய நிலையை மீட்டார். தொண்ணூறு வயதைக் கடந்தும் நாள்தோறும் பயிற்சி செய்து வந்தார். 2014-ல் பத்ம விபூஷண் விருது பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டு 20-ம் தேதி, தமது 95-ம் வயதில் புனேயிலேயே காலமானார்.

உடம்புக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றிக் கொள்ளலாம், ஆனால் பயிற்சியை விடக் கூடாது என்பதே 1979 தரும் பாடம். நாம் இதை நேர்மாறாகச் செய்கிறோம். புத்தகத்தில் உள்ளபடியே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறோம். முடியாமல் போனவுடன் பயிற்சியையே கைவிடுகிறோம்.

வெறும் உடற்பயிற்சிதானா?

ஐயங்காரின் முறையைப் பற்றிக் குறை சொன்னவர்களும் உண்டு. “தியானத்தை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பிடித்துக் கொண்டார், இது யோகமா, தேகப்பயிற்சியா?” என்று கேட்டார்கள். அவர் கண்டிப்பான ஆசிரியர் என்பதும் உண்மை. வகுப்பில் குரல் உயரும். கவனம் பிசகிய மாணவரைக் கையால் தட்டித் திருத்துவதும் நடந்தது. அதை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கண்டிப்பை விட்டுவிட்டு அதன் பின்னே இருந்த நோக்கத்தைப் பார்த்தால், நமக்கு வேண்டியது அங்கே கிடைக்கும்.

தாடாசனம் என்று ஓர் ஆசனம். பார்ப்பவர் கண்ணுக்கு ஒருவர் சும்மா நிற்பது போலத்தான் தோன்றும். ஆனால் அங்கே கேள்விகள் எழுகின்றன. பாரம் இரண்டு பாதங்களிலும் சமமாக இருக்கிறதா? குதிகாலில் அதிகமா, விரல்களில் அதிகமா? முழங்கால் தளர்ந்திருக்கிறதா? தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா? முகத்தில் எங்கே இறுக்கம்? ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். அந்த ஒரு நிமிடத்தில் வீட்டு வாடகையும், மேலதிகாரியின் முகமும், பையனின் மார்க்கும் நினைவுக்கு வர இடமில்லை. வந்தாலும், பாதத்தைப் பார்க்கத் திரும்பி விடலாம்.

மனத்தை வெறுமையாக்கு என்றால் மனம் கேட்பதில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தால் அடங்குகிறது. உடம்பைக் கவனிப்பதே அந்த வேலை. அசைவிலேயே தியானம் இருக்கிறது என்பதுதான் குறை கூறியவர்களுக்கு ஐயங்கார் அளித்த பதிலின் சாரம்.

கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் சென்னையில் குடியேறி, 1989-ல் நூறாண்டு கண்ட நிலையில் அங்கேயே மறைந்தார். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் அங்கே கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். மூச்சோடு இணைந்த மென்மையான அசைவும், ஆளுக்குத் தகுந்த பயிற்சியும் அந்தச் சென்னை வழியின் அடையாளம். அசைவில் நுட்பமும் நிலைத்து நிற்பதும் புனே வழியின் அடையாளம். ஒரே குருவிடமிருந்து பிரிந்த இரு கிளைகளும் கவனம் என்ற ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன.

அமெரிக்காவில் அதே ஆண்டு

புனேயில் ஐயங்கார் விபத்துக்குப் பின் மீண்டும் தொடங்கிய அதே 1979-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் என்பவர் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். தீராத வலியாலும் மன அழுத்தத்தாலும் அவதிப்படும் நோயாளிகளுக்கான எட்டு வாரப் பயிற்சி அது. ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று இன்று எங்கும் பேசப்படும் விழிப்புப் பயிற்சி மருத்துவமனைக்குள் நுழைந்தது பெரிதும் அந்த வழியாகத்தான். அதில் மூன்று பகுதிகள் உண்டு: அமர்ந்து மூச்சைக் கவனித்தல், படுத்து உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் மனத்தால் தொட்டு வருதல், மென்மையான ஹட யோக அசைவுகள்.

இந்தச் சரக்கு எதுவும் அமெரிக்காவில் விளைந்தது அல்ல. மூச்சைக் கவனிக்கும் முறை புத்தர் பெருமான் காட்டியது. பர்மாவில் காக்கப்பட்டு வந்த அந்த விபாசனை முறையை எஸ்.என். கோயங்கா இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். மும்பை–நாசிக் ரயில் பாதையில் உள்ள இகத்புரியில் 1976 முதல் அதற்கான நிலையம் இயங்குகிறது. புனே–மும்பை பாதையில் உள்ள லோனாவளாவில் சுவாமி குவலயானந்தர் 1924-லேயே கைவல்யதாமம் என்னும் ஆசிரமத்தை நிறுவி, ஆசனமும் பிராணாயாமமும் உடம்பில் என்ன செய்கின்றன என்பதைக் கருவிகள் கொண்டு ஆராயத் தொடங்கிவிட்டார். ஆக, கடல் கடந்து போய்ப் புதுப் பெயரோடு திரும்பி வந்திருக்கும் சரக்குக்கு ஆதாரமான கிடங்குகள், நாம் லோக்கல் டிக்கெட்டில் போய் வரும் தூரத்திலும் இருக்கின்றன.

ரயில் பாதையில் ஒரு சான்று

உடம்பு அசைந்தால் கவனம் கூடுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ரயில்வேயிலிருந்து ஒரு சான்று. நமது ரயில்களில் என்ஜின் ஓட்டுபவரும் உதவியாளரும் எதிரே வரும் ஒவ்வொரு சிக்னலையும் கையால் சுட்டி, அதன் நிறத்தை வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்வது விதி. கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். தினமும் பார்க்கும் சிக்னலைக் கண் பார்க்கும், மனம் பார்க்காது. கை நீண்டு, வாய் சொல்லும்போது மனமும் அங்கே வந்து சேர்கிறது.

ஜப்பானிய ரயில்வேயில் இந்த முறை மிகக் கண்டிப்பானது. சுட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்வதால் தவறுகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைகின்றன என்பதை அந்நாட்டு ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் சோதனை செய்து கண்டது. ஆயிரம் பேரின் உயிரைக் காக்கும் கவனத்தை ஒரு சிறு கையசைவு தருகிறது என்றால், நம் ஒருவர் மனத்தை நிறுத்தவும் ஒரு சிறு அசைவு போதும்.

பாட்டிமார் அறிந்தது

நம் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் இது புதிதல்ல. அடிப்பிரதட்சிணத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பாதத்தின் நுனியில் மறு பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து, அடிமேல் அடியாகப் பிராகாரத்தைச் சுற்றி வருவார்கள். அவசரப்பட்டால் தடுமாறும். மனம் எங்கோ போனால் அடி பிசகும். நடையே தியானமாகிறது. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், புள்ளி தப்பாமல் இழுக்கும் கோலம் எல்லாம் உடம்பையும் கவனத்தையும் ஒரே நூலில் கட்டும் செயல்களே. திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்க யோகத்தை விரித்துச் சொல்லியிருக்கிறார். யோக சூத்திரம் தந்த பதஞ்சலி முனிவர் தில்லையில் ஆடவல்லானின் கூத்தைக் கண்டவர் என்பது நம் நம்பிக்கை.

மராட்டிய மக்களிடமும் இது உண்டு. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் புறப்படும் பல்லக்குகளுடன், தாளம் தட்டி நாமம் சொல்லிப் பண்டரிபுரம் வரை நடக்கிறார்கள். பார்வதி குன்றின் படிகளில் விடியற்காலையில் நிதானமாக ஏறி இறங்கும் புனே முதியவர்களைப் பார்த்தாலே போதும்.

“வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சிதானே, எனக்கு எதற்குத் தனியாக?” என்று கேட்கும் தாய்மார்களின் கேள்வி நியாயமானது. துடைப்பதும் துவைப்பதும் உடம்புக்கு உழைப்புதான். ஆனால் அந்த உழைப்பின்போது கண் கடிகாரத்தில், காது குக்கர் விசிலில், மனம் அடுத்த வேலையில் இருக்கிறது. தனக்கென்று ஒரு பத்து நிமிடம் அதில் கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தை வீட்டில் உள்ள மற்றவர்கள் ஒதுக்கித் தர வேண்டும். ஐயங்காரின் மூத்த மகள் கீதா ஐயங்கார் சிறு வயதிலேயே கடுமையான சிறுநீரக நோய்க்கு ஆளாகி, தந்தையின் வற்புறுத்தலால் யோகத்தைப் பற்றிக் கொண்டு மீண்டவர். பெண்களின் உடல்நிலையை மாத விலக்கு, கர்ப்பம், மூப்பு என்று பருவம் பருவமாகப் பிரித்து அவர் எழுதிய நூல் இன்றும் வழிகாட்டியாக இருக்கிறது. 2018-ல் அவர் மறைந்தார்.

ஒரு மண்டலம்

பழக்கம் பதிவதற்கு எத்தனை நாள் ஆகும்? சித்த மருந்தோ விரதமோ, ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்பது நம் பெரியவர்களின் கணக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை வைத்துச் செய்து, 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள்.

அந்த ஆய்வில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இடையில் ஒரு நாள் விட்டுப் போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஒரு ரயில் தவறிவிட்டால் பயணத்தையே யாரும் ரத்து செய்வதில்லை, அடுத்த ரயிலில் ஏறுகிறோம். பயிற்சியும் அப்படித்தான்.

நேரத்தை நிச்சயிப்பது முக்கியம். “காலையில் எப்போதாவது” என்றால் எப்போதும் நடக்காது. “பல் துலக்கியவுடன்”, “அடுப்பில் பால் வைப்பதற்கு முன்”, “ஷிப்டு முடிந்து குளித்தவுடன்” என்று ஏற்கனவே நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். இரவு ஷிப்டுக்காரர்களுக்குக் கடிகார நேரம் மாறும், ஆனால் குளியல் மாறாது.

பத்து நிமிடப் பயிற்சி

பெரும்பாலோர் வீட்டில் செய்யக் கூடிய எளிய முறை இது. ஒரு சுவர், ஆடாத நாற்காலி, ஒரு போர்வை போதும்.

1. நிற்றல் (ஒரு நிமிடம்): பாதங்களைச் சற்று அகற்றி நிமிர்ந்து நிற்கவும். பாரம் இரு கால்களிலும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும்.

2. கை உயர்த்தல் (ஒரு நிமிடம்): மூச்சை இழுத்தபடி கைகளை மெல்ல மேலே கொண்டு போகவும். மூச்சை விட்டபடி கீழே கொண்டு வரவும். ஆறு முறை. கை மூச்சைவிட வேகமாகப் போகக் கூடாது.

3. சுவரில் சாய்தல் (ஒரு நிமிடம்): இடுப்பு உயரத்தில் சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து, மெல்லப் பின்னே நடந்து, முதுகு மேஜைப் பலகை போல ஆகும்வரை குனியவும். முழங்கால் மடங்கினாலும் பரவாயில்லை. ஐந்தாறு மூச்சு அப்படியே இருக்கவும்.

4. நாற்காலித் திருப்பம் (இரண்டு நிமிடம்): நிமிர்ந்து உட்கார்ந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து வலப்புறம் திரும்பவும். நான்கு மூச்சுக்குப் பின் இடப்புறம். இழுத்துத் திருப்ப வேண்டாம்.

5. கால் உயர்த்திப் படுத்தல் (இரண்டு நிமிடம்): தரையில் படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைக்கவும். நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்களுக்கு இது பெரிய சுகம்.

6. சவாசனம் (மூன்று நிமிடம்): கைகால்களைத் தளர விட்டு, கண் மூடி, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கவும். மனம் ஓடினால் கோபிக்காமல் திரும்ப அழைத்து வரவும். அப்படித் திரும்ப அழைப்பதுதான் பயிற்சி.

வயிறு காலியாக இருப்பது நல்லது. முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று, நான்கு மணி நேரம் போக வேண்டும். எங்கும் மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டாம். ரத்த அழுத்தம், இருதய நோய், கண்ணில் நீரழுத்தம், முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக் கொண்டே தொடங்க வேண்டும். வலி வந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். எண்பது வயது தாண்டிய பெல்ஜியம் ராஜமாதா எலிசபெத்துக்கு ஐயங்கார் சிரசாசனம் கற்றுக் கொடுத்தார் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் நின்றவர் ஐயங்கார். தலைகீழ் ஆசனங்களைப் புத்தகத்தையும் செல்போன் படத்தையும் பார்த்துத் தாமாகச் செய்ய முற்படுவது ஆபத்து. யோகம் மருந்துக்கு மாற்று என்று எண்ணி, சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

என்ன பலன் கிடைக்கும்? சர்க்கரை மறையும், பணம் சேரும் என்றெல்லாம் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. இடுப்பும் தோளும் கொஞ்சம் இளகும். கோபம் வருகிறது என்பது, கோபம் வார்த்தையாக வெளியே விழுவதற்கு ஒரு நொடி முன்பே தெரியும். அந்த ஒரு நொடியில் எத்தனையோ சண்டைகள் தவிர்க்கப்படும். அதிகாரியிடம் பட்டதை வீட்டில் மனைவி மக்கள் மீது கொட்டும் குடும்பங்களுக்கு, அந்த ஒரு நொடி சிறிய லாபம் அல்ல.

பதினெட்டு வயதில் பாஷை தெரியாமல் இந்த ஊரில் வந்திறங்கியவர், அறுபது வயதில் அடிபட்டு விழுந்தபோது, ஒரு நாற்காலியையும் ஒரு கம்பளியையும் துணைக்கு வைத்துக் கொண்டு மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். அந்த நாற்காலியும் கம்பளியும் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன. நாளைக் காலை பல் துலக்கியவுடன், முதலில் ஒரு நிமிடம் சும்மா நின்று பார்க்கலாம்.